எடை வந்துடுச்சு, டாக்டர்

அளவு எடுக்க வேணாம்க்கா. அந்த டேப்பை முதல்ல கழுத்துல போட்டுக்குங்க. அதைப் பார்த்தாலே எனக்கு எடை மெஷின் ஞாபகம்தான் வருது. இந்த நைட்டியை முன்பக்கம் மேலயிருந்து கீழ வரைக்கும் வெட்டித் திறந்து விடணும், அவ்வளவுதான் வேலை. இடுப்புல பிடிக்க வேணாம். தொளதொளன்னு அப்படியே இருக்கட்டும்.

தெரியுதுக்கா, என் உடம்புக்கே இது இப்ப பெரிசுதான். இளைச்சுத்தான் போயிருக்கேன். நீங்க பார்த்த உடனே சொல்லிட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. வேலை செய்யிற எடத்துல என்ன கேக்கிறாங்க தெரியுமா? என்னாச்சு, சுகரான்னு கேக்கிறாங்க. குண்டா இருந்தா என்ன இப்படி ஊதிட்டேன்னு கேப்பாங்க, இளைச்சா என்ன வியாதின்னு கேப்பாங்க. நடுவுல ஏதோ ஒரு நாள் நான் சரியா இருந்திருப்பேன் போல. அன்னைக்குன்னு பார்த்து ஒருத்தரும் என்னைப் பார்க்கலை.

தையல் மெஷினை நிறுத்த வேணாம், நீங்க கையில இருக்கிறதை முடிங்க. நான் இப்படி ஸ்டூல்ல உக்கார்ந்து கையோட வாங்கிட்டுப் போறேன். சத்தம் இருந்தாத்தான் எனக்குப் பேசவே வரும். எல்லாரும் அமைதியா மூஞ்சியப் பார்த்தா வாய் ஒட்டிக்கும்.

வயசா? நாப்பத்தி ஒண்ணு. ஏன் சிரிக்கிறீங்க? சரி, நாப்பத்தி ரெண்டு. முன்னெல்லாம் ரெண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டா பாவாடைக் கயிறு தானா லூசாகும். இப்ப உடம்பு சொல்பேச்சு கேக்கறதில்லைக்கா. சாப்பிடலைன்னா, சரி இவ எதையோ மிச்சம் பிடிக்கிறான்னு அதுவும் சேர்ந்து மிச்சம் பிடிக்குது.

அதுலயும் நான் சமையல்காரி. துணி ஃபேக்டரி கேன்டீன்ல பெரிய அடுப்பு என் பொறுப்பு. ருசி பார்க்காம எப்படி எறக்க முடியும்? ஒரு கரண்டி நாக்குல விட்டாத்தான் உப்பு தெரியும். அந்த ஒரு கரண்டி, ஒரு கரண்டியாவா நிக்குது? கொதிக்கையில ஒண்ணு, எறக்கையில ஒண்ணு, ஆறினப்புறம் ஒண்ணு. அதனால நான் நாக்குல வைச்சிட்டுத் துப்ப ஆரம்பிச்சேன். துப்பினா ருசி பாதிதான் தெரியுது, தொண்டைக்குள்ள போனாத்தான் மீதி. சரின்னு பாத்திரம் கழுவற அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். அதுக்கு எதைக் குடுத்தாலும் நல்லாயிருக்கு தாயின்னுதான் சொல்லும். ஒருநாள் உப்பை ரெண்டு தடவை போட்டிருக்கேன், அதுக்கும் நல்லாயிருக்கு தாயி. சாப்பாட்டு நேரத்துல ஒரு மெக்கானிக் தட்டைத் தூக்கிட்டு நேரா அடுப்புக்கிட்ட வந்து கேக்கிறான், அக்கா, யார் மேல கோவம்னு சொல்லிடுங்க, அவனை நாங்க பார்த்துக்கிறோம்னு.

யார் மேல கோவம்னு அவன்கிட்ட சொல்ல முடியுமா?

என் நாத்தனார் மேலதான். வீட்டுக்காரரோட தங்கச்சி. என்னைவிட ஒரு வயசு சின்னவ, பார்த்தா பத்து வயசு சின்னவ மாதிரி இருப்பா. ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். கழுத்தெலும்பு இருக்கு பாருங்க, அதுல தண்ணி ஊத்தினா நிக்கும். எனக்கு அந்த எலும்பு எங்க இருக்குன்னே இத்தனை வருஷம் தெரியாது. இப்பத்தான் கண்டுபிடிச்சேன், இங்க.

சாப்பிடாம இருக்கான்னா நினைக்கிறீங்க? நல்லா கேட்டீங்க! ஒரு ரொட்டியில வெண்ணெய் தடவுவா பாருங்க, செவுத்துக்குப் பூசற மாதிரி தடவுவா. அடுப்பு மேடையில ஏறி உக்கார்ந்து, காலை ஆட்டிக்கிட்டு, எனக்கு எதிர்லயே சாப்பிடுவா. நான் சுடுதண்ணி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அண்ணி, நீங்களும் ஒரு துண்டு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாதும்பா. ஒண்ணும் ஆகாதாம். அவளுக்கு ஆகாது!

கெட்டவளா இருந்தாலும் பரவாயில்லைக்கா, நிம்மதியா திட்டலாம். நல்லவளா இருந்து தொலைக்கிறா. அவங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சதும் லீவு போட்டுட்டு பெட்டியோட வந்துட்டா. வீட்டைப் பெருக்கறா, என் பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தர்றா, அவரைக் கைத்தாங்கலா வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறா. ரெண்டு பேரும் சின்ன வயசுக் கதையைப் பேசிச் சிரிப்பாங்க. பாதி வார்த்தை சொல்லும்போதே மீதி இவருக்குத் தெரியும். நான் போய் என்ன சிரிப்புன்னு கேட்டா, அது உனக்குப் புரியாதும்மாம்பாரு. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் புரியாததுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு வேற.

ஆமாக்கா, அவருக்குத்தான் சரியில்லை. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. சொல்றேன், சொல்லத்தானே உக்கார்ந்திருக்கேன்.

நான் ஏன் இளைக்க ஆரம்பிச்சேன்னு நினைக்கிறீங்க, அழகுக்கா? டாக்டரம்மா ஒரு எடையைச் சொல்லி, இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்க அதுக்கு வந்தா உங்களையே வச்சுக்கலாம், இல்லைன்னா அடுத்த ஆளைப் பார்க்கணும், அவருக்கு நேரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த ஆள் யாருன்னு அந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். அந்த அடுத்த ஆள் என் பக்கத்துல காலாட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கு.

அன்னையிலிருந்து எனக்கும் அவளுக்கும் பந்தயம். அவளுக்கு அது தெரியாது, நான் மட்டும் ஓடிட்டிருந்தேன்.

கேன்டீனுக்கு பஸ்ல போறதை விட்டேன். லிப்டை விட்டேன். சர்க்கரை, எண்ணெய், கிழங்கு எல்லாத்தையும் விட்டேன். போதலை. அப்புறம் சாப்பாட்டையே விட்டேன். காலையில சுடுதண்ணி, மத்தியானம் ஒரு வெள்ளரிக்கா, ராத்திரி யாராவது பார்த்தா சாப்பிட்டுட்டேன்னு ஒரு பொய். மருந்துக்கடை வாசல்ல எடை மெஷின் இருக்கு பாருங்க, தினமும் அதுல ஏறுவேன். ஏறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டுவேன், வளையலைக் கழட்டுவேன், கொண்டை ஊசியைக் கழட்டுவேன், மூச்சையும் வெளிய விட்டுட்டுத்தான் ஏறுவேன். கடைக்காரர் ஒருநாள், அம்மா, இன்னும் கழட்ட என்ன இருக்குன்னு கேட்டுட்டாரு. வெக்கமாப் போச்சு. அப்புறம் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மெஷினுக்குப் போனேன். அது கொஞ்சம் கம்மியா காட்டும், நல்ல மெஷின்.

அடுப்புக்கிட்ட ஒருநாள் கண்ணை இருட்டிட்டு வந்து விழுந்துட்டேன். நல்லவேளை, பாத்திரம் கழுவற அம்மா தாங்கிப் பிடிச்சுது. மூஞ்சியில தண்ணி தெளிச்சுட்டு, எத்தனை மாசம் தாயின்னு கேக்குது! சிரிக்காதீங்கக்கா. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு, சிரிக்கத் தெம்பில்லை.

ஆனா எடை வந்துடுச்சு. டாக்டரம்மா சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஆஸ்பத்திரி மெஷின்லயே ஏறி நின்னேன், வளையலோட ஏறினேன். எடை வந்துடுச்சு டாக்டர்னு நான் சொன்ன சத்தத்துல பக்கத்து ரூம் கதவு திறந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தாரு. என் வாழ்க்கையில நான் அவ்வளவு சத்தமாப் பேசினதில்லை. நாத்தனார் வெளிய பெஞ்சுல இருந்தா. அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க. அந்த சிரிப்பை இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கணும் போல இருக்கு.

மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டரம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. சின்னப் பொண்ணுதான், என் மகளுக்கு அக்கா மாதிரி இருக்கும். எடை வந்துடுச்சும்மா, ஈரல் வரலையேன்னாங்க.

ஆமாக்கா, ஈரல். அவருக்கு ஈரல் போயிடுச்சு. குடிப்பழக்கம் இல்லைக்கா, எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்கிறாங்க, அவரு வாய் கொப்பளிக்கிற மருந்தைக் கூட முகம் சுளிச்சுட்டுத்தான் வாயில விடுவாரு. ஏதோ கிருமி. கண்ணு ரெண்டும் மஞ்சளாகி, வயித்துல நீர் கோத்து, ஆள் பாதியாயிட்டாரு. இன்னொருத்தர் ஈரல்ல ஒரு பாகத்தை வெட்டி வைக்கணும். குடுத்தவங்களுக்கு அது திரும்ப வளர்ந்துடுமாம். ரத்தம் எனக்கும் சேருது, அவளுக்கும் சேருது. மகளுக்கு வயசு பத்தாது. முதல் ஸ்கேன்லயே என் ஈரல்ல கொழுப்புன்னு தெரிஞ்சு போச்சு. எடையைக் குறைச்சா அதுவும் குறையும்னாங்க, எனக்குக் காதுல விழுந்தது எடை மட்டும்தான். பொறுமையா, சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குறைக்கணும்னு ஒரு தாள் குடுத்தாங்க. எனக்கு எங்க பொறுமை? பட்டினி கிடந்து குறைச்சா இப்படித்தாம்மா ஆகும்னு அந்தப் பொண்ணு மெதுவாச் சொல்லுது. கன்னம் ஒட்டிப்போச்சு, முடி கொட்டிப்போச்சு, வளையல் முழங்கைக்கு ஏறுது. ஈரல் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி கொழுத்து உக்கார்ந்திருக்கு. எடை போகவேண்டிய எடத்தை விட்டுட்டு மத்த எல்லா எடத்துலயும் போயிருக்கு.

வெளிய வந்தா, அவ பெஞ்சுல உக்கார்ந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கா. அதைப் பிடுங்கி எறியணும் போல இருந்துச்சு. என்ன சொன்னாங்க அண்ணின்னு கேட்டா. நீதான்னு சொன்னேன். வாயில பிஸ்கட்டோட அப்படியே உக்கார்ந்துட்டா. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அவளோட ஸ்கேன் படத்தை டாக்டரம்மா எங்க எல்லாருக்கும் காட்டினாங்க, முதல் மார்க் வாங்கின பரீட்சைத் தாளைக் காட்டற மாதிரி. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்கன்னாங்க. வெண்ணெய் தின்னு வளர்த்த ஈரல்க்கா அது! எனக்கு அங்கேயே பொங்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க எனக்கு யாரோதானே.

அவரு உயிரோட இருக்கணும், எனக்கு அதுதான் வேணும். அதுல பொய் இல்லை. ஆனா என் ஈரலோட இருக்கணும். அது தப்பாக்கா? பதினெட்டு வருஷமா பக்கத்துல படுக்கறேன், அந்த மனுஷனுக்குள்ள எனக்கு ஒரு எடம் கிடைக்கலை. அவ ஒரே காலையில உள்ள போய் உக்காரப் போறா. குணமாகி வீட்டுக்கு வந்தா நான்தான் சமைச்சுப் போடணும். நான் சமைப்பேன், அவரு சாப்பிடுவாரு, அதை ஏத்துக்கிறது அவளோட ஈரல். இனிமே நல்லாயிருக்குன்னு அவரு சொன்னா அதை யாரு சொல்றாங்கன்னு நான் எடுத்துக்கிறது?

இல்லை, அழலை. உங்க துணித் தூசி.

நேத்து சாயங்காலம் அவ பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டுக் கட்டில்ல உக்கார்ந்திருந்தா. ஆஸ்பத்திரியில குடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துணியா எடுத்து மடியில போடறா, திரும்ப உள்ள வைக்கிறா. லூசான உடை, முன்பக்கம் திறக்கிற மாதிரின்னு போட்டிருக்கு. அவகிட்ட லூசா ஒரு துணி இல்லைக்கா. பொறந்ததுலேர்ந்து தேவைப்பட்டதில்லை. எல்லாம் உடம்போட ஒட்டின பேண்ட்டு, ஒட்டின சட்டை. அண்ணி, உங்க பழைய நைட்டி ஏதாவது இருக்கான்னு கேட்டா.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. என் குண்டு நைட்டிதான் கிடைச்சுதான்னு கேக்க வாயெடுத்தேன். அவ அந்தத் தாளை மடிச்சு மடிச்சுத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டு வந்துட்டா. விசில் ஊதினா கிரவுண்டு முழுக்க அப்படியே நிக்குமாம், அந்தப் பொம்பளைக்குப் பயம். ரொம்ப வலிக்குமா அண்ணின்னு கேட்டா. எனக்கென்னடி தெரியும், என்னைத்தான் சேர்த்துக்கலையேன்னு சொல்லிட்டேன். அப்படித்தான்க்கா சொன்னேன். அவ சிரிச்சா. அப்புறம் ரெண்டு பேருமே சிரிச்சோம். எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவங்க அண்ணனுக்கும் புரியாது.

பொறாமை போயிடுச்சான்னா, போகலை. இதோ, இங்க இருக்கு, இன்னும் அப்படியே. அதுவும் ஈரலை மாதிரி, பட்டினி போட்டாக் குறையாது போல.

சரி, இதைப் பிடிங்க. துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு இருக்கும், அதான் இதையே எடுத்தேன். வலது பக்கம், விலாவுக்குக் கீழ, இந்த எடத்துல உள்பக்கம் தையல் எதுவும் வரக்கூடாது. அங்கதான் வெட்டுவாங்க, உறுத்தும். பாக்கெட் இருந்தா பிரிச்சுடுங்க. காலர் வேணாம், அவளுக்குக் கழுத்துல துணி பட்டாலே பிடிக்காது. நீளம் கொஞ்சம் விட்டுக் குடுங்க, அவ என்னைவிட உயரம். ஆமா, அதுலயும்தான்.

நாளைக்குக் காலையில ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள கூட்டிட்டுப் போறாங்க. பட்டன் சின்னதா வைக்காதீங்கக்கா, நல்லா பெரிசா வைங்க. முதல் சில நாள் அவளால கையைத் தூக்க முடியாதாம், நான்தான் போட்டு விடணும். மத்ததெல்லாம் குறைஞ்சுது, எனக்கு இந்த விரல் மட்டும் இன்னும் தடிச்சேதான் இருக்கு.