ஒரு தாளில் முப்பத்திரண்டு

– இன்னும் சின்னதாக்கு, உஷாராணி.

– தலைவரே, இப்பவே ஒரு தாள்ல எட்டு நோட்டீஸ் வருது. இதுக்கும் கீழ போனா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும்லா.

– எறும்பு ஊரட்டும், உனக்கென்ன? கோயில் மெம்பர் தொண்ணூத்தாறு குடும்பம். எட்டு போட்டா பன்னெண்டு தாளு. பதினாறு போட்டா ஆறு. புரிஞ்சுக்க, மரத்த வெட்டித்தான் பேப்பர் செய்றான். எட்டாங்கட்ட மாரியம்மன் கோயில் தலைவர் நாராயணசாமி மரத்தக் காப்பாத்துறான்னு நாலு பேரு சொல்லட்டுமே.

– போன மாசம் உங்க பொறந்தநாள் பேனர் இருபதடிக்கு இந்தக் கடையிலதானே அடிச்சீங்க?

– அது பிளாஸ்டிக்கு. மரம் இல்ல.

– சரி, இந்தாங்க, பதினாறு. பாருங்க.

– ம்ம்... அந்த நாலாவது வரி இன்னும் தெரியுதே.

– எது? “கோயிலைக் கழிவுநீர்க் குளத்தருகே மாற்றும் தீர்மானம்”னு இருக்கே, அதா?

– மெதுவா பேசு! கடை வாசல்ல ஆளுங்க போறாங்க. புரிஞ்சுக்க, வீடு கட்டுற கம்பெனிக்காரன் நல்ல எடமாத்தான் குடுக்குறான். காத்தோட்டமான எடம்.

– அந்தக் காத்துதான் தலைவரே பிரச்சன. எனக்குத் தாலி ஏறுன கோயிலு. ஆத்தாவ அங்க கொண்டு போய் வெச்சிட்டு மூக்கப் பொத்திக்கிட்டா கும்பிடுறது? டைப் பண்றப்பவே எனக்கு வயிறு எரிஞ்சிச்சு.

– எரியுதுன்னா மோர் குடி. கூட்டத்துல எந்தத் தீர்மானம் வரணும், எது வரக்கூடாதுன்னு தலைவர்தான் சொல்லணும். அது சட்டம். நீ முப்பத்திரண்டு போடு.

– முப்பத்திரண்டா? அலமாக்! பஸ் டிக்கெட்டு கூட இதவிடப் பெருசு. ஜனங்க எப்படித்தான் படிப்பாங்க?

– நோட்டீஸ் குடுக்கணும்னுதான் சட்டம். படிக்கணும்னு எங்க இருக்கு?

– தலைவர் பதவிக்கு நிக்க இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மனு குடுக்கணும்னு இதுல இருக்கே. இத எப்பக் குடுப்பீங்க?

– ஆறு மணி பூசையில. சுண்டலோட.

– ஓ. மூணே தாளு. வேல முடிஞ்சிச்சு. அடிக்கறதுக்கு முன்ன ஒரு தடவ படிச்சுப் பாத்து கையெழுத்து போடுங்க, தலைவரே. அப்புறம் என்னையக் கேக்கக்கூடாது.

– கண்ணாடி வெளிய நிக்கிற காடியில கெடக்கு. போன வருச நோட்டீஸ்தானே? தேதிய மட்டும்தானே மாத்துன, அந்த நாலாவது வரியப் போட்ட?

– ஆமா. மத்தபடி ஒரு எழுத்து மாத்தல.

– அப்ப என்னத்தப் படிக்கறது? குடு பேனாவ.

– தலைவரே, வணக்கம். நோட்டீஸ் ரெடியா?

– வாய்யா சேது. செயலாளர்னு பேரு, இப்பதான் வர்ற. மணி என்ன?

– நாலு அம்பது. தலைவரே, அந்த மனு விசயம்... போன வருசமெல்லாம் தேவன் அண்ணன்தான்—

– தேவன் பேச்ச எடுக்காத! கணக்குக் கேட்டான், தூக்கியாச்சு. இப்ப நீதான் செயலாளர், நீ வாய மூடிக்கிட்டு இரு.

– இல்ல தலைவரே, நான் சொல்லல, விதிப் பொஸ்தகம் சொல்லுது. அஞ்சு மணிக்குள்ள நீங்க—

– எனக்குத் தெரியும்யா! அஞ்சு ஆகட்டும்னுதானே நிக்கிறேன். ஒரே ஒரு ஆளுன்னா ஓட்டுமில்ல ஒண்ணுமில்ல, அந்த நிமிசமே தலைவர். பதினெட்டு வருசமா இப்படித்தான்.

– சேது அண்ணே, இந்தக் கவரக் கொஞ்சம் கோயில் பைல்ல வெச்சிக்கிறீங்களா?

– என்ன கவரு அது, உஷாராணி?

– ஒண்ணுமில்ல தலைவரே. ஒரே ஒரு தாளு. மத்தியானம் தாயம்மா அக்காவும் திலகாவும் கையெழுத்து போட்டாங்க. கவலப்படாதீங்க, முழு சைஸ்லதான் அடிச்சேன், கண்ணாடி இல்லாமலே தெரியும்.

– பொம்பளைங்க பஜனைக் குழு மைக்கு கேக்குறாங்களா? அதெல்லாம் கூட்டத்துக்கு அப்புறம். வாங்கி வைய்யா சேது.

– வாங்கிட்டேன் தலைவரே. பிரிச்சுப் பாத்துட்டேன். நேரம் குறிச்சிக்கவா?

– மைக்குக்கு எதுக்குய்யா நேரம்? என்னமோ குறி. ஏம்மா, கட்டிங் நேரா வெட்டு, கோணலா இருந்தா மரியாதையா இருக்காது.

– இதோ, முடிஞ்சிச்சு. தொண்ணூத்தாறு. மணி அஞ்சு ரெண்டு ஆச்சு.

– ஆச்சா! அம்மா தாயே, மாரியாத்தா! சொல்லுய்யா சேது, மொத்தம் எத்தன மனு?

– ஒண்ணே ஒண்ணு.

– பாத்தியா உஷாராணி? இதுக்குப் பேருதான் நிர்வாகம்.

– அது வந்து... அது உங்களோடது இல்லண்ணே.

– என்னய்யா ஒளர்ற? நான் எதுக்கு மனு குடுக்கணும்? நான்தான் தலைவராச்சே, என் பேரு தானா வந்துடுமே!

– இப்பப் பதவியில இருக்கறவங்களும் குடுத்தாதான் செல்லும். வருசா வருசம் தேவன் அண்ணன் எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்குவாரு. இந்த வருசம் நான் ரெண்டு தடவ வாயத் தொறந்தேன், நீங்க மூடச் சொன்னீங்க. நோட்டீஸ்லயே ஏழாவது வரியில இருக்கே.

– எங்க? குடு இங்க! ஏழாவது... எங்கய்யா இருக்கு? ஒரு எழவும் தெரியலயே! யாருய்யா மனு குடுத்தது?

– தலைவரே, ஒரு விசயம். அந்த நாலாவது வரிய என்ன பண்றது? எடுத்துட்டு நோட்டீஸப் பெருசா அடிச்சிடலாமா?

– எடுக்காத! நான் சொல்றேன், ஒரு புள்ளி எடுக்கக்கூடாது!

– உங்களக் கேக்கலண்ணே. தலைவரேன்னு உஷாராணியத்தான் கூப்பிட்டேன்.