பங்களாப் பூவுக்குக் காவல்

…மொட்டைன்னு சொல்லிட்டாங்க புள்ள! மொட்டையாம்! இந்தத் தோட்டத்தப் பாத்து மொட்டைன்னு சொல்ல, துரை பொஞ்சாதி அந்தத் துரைசாணிக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ… இந்தா, இந்த வாளியப் புடி. நல்லாப் புடி, ஓட்டை வாளிதான், ஒண்ணும் செய்யாது. நாளையிலேருந்து நீதானே இதுக்கு ராணி! கங்காணி வந்து சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே நின்ன? "ராக்கம்மா, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு வந்துரு, கோப்பிப் பழம் பறிக்க. பூந்தோட்டத்துக்குப் புதுசா வந்த சுந்தரி போகட்டும். போறதுக்கு முன்ன அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடு." அவ்வளவுதான். ஒரு வார்த்த ‘ஏன்’னு கேக்க விட்டாரா? இல்ல. மீசையத் தடவிக்கிட்டுப் போயிட்டாரு.

நீ மொகத்தத் தொங்கப் போடாத. ஒம்மேல எனக்கு என்ன கோவம்? நேத்து வந்தவ நீ. மன்னாருலேருந்து நடந்து வந்த கால் வீக்கமே இன்னும் வடியல ஒனக்கு. ஆனா ஒண்ணு, எனக்கு இந்த எடத்த விட்டுப் போக மனசே இல்ல, சொல்லிட்டேன். கல்லும் கட்டையுமாக் கெடந்த நெலம். நான்தான் கொத்தினேன். மாட்டுச் சாணிய இந்தத் தலையிலதான் சொமந்தேன். அங்க மலையில போனா அட்டை கடிக்கும், சாக்கு ரொம்பலன்னா கங்காணி கடிப்பாரு. கோப்பி எலையில வேற என்னமோ துரு மாதிரி விழுந்திருக்காம், துரைமாரெல்லாம் தலையில கைய வச்சிக்கிட்டு இருக்காங்க. அந்த நேரத்துல போய் நான் பழம் பறிக்கணுமாம்!

சரி, வா. இங்க பாரு. அந்தப் பக்கம் திங்கிறது, இந்தப் பக்கம் பாக்குறது. படியோரமா ரோசா. அதுக்குக் கீழ செண்டுப்பூ, சீமைச் செவ்வந்தி. அந்தா, குச்சியில ஏறிக் கெடக்கே கொடி, அது பாக்கத்தான் பட்டாணி, காயத் தின்னுடாத! பூவுக்குத்தான் அது. வாசம்னா அப்படி ஒரு வாசம், புள்ள. அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு இருக்கு, என் வாயில நொழையாது. மணக்குற பட்டாணின்னு நானே பேரு வச்சிட்டேன். கீழ வரிசையில துரைசாணி பீன்சுங்கிற போஞ்சி, பச்சையாவே திங்கிற சலாது எலை, வெள்ளரி, கரட். எல்லாமே வெட்டி வெட்டி உள்ள கொண்டு போறதுக்குன்னே போட்டது. சாமிக்கும் இல்ல, தலைக்கும் இல்ல… மேசைக்கு! சிரிக்கிற பாத்தியா, நானும் அப்படித்தான் சிரிச்சேன். பூவ மொழ நீளக் காம்போட வெட்டி, கண்ணாடிக் குடுவையில தண்ணி ஊத்தி நிக்க வச்சிட்டு, சுத்தி உக்காந்து கறி சாப்பிடுவாங்க!

வந்த புதுசுல எனக்கு இந்த வெவரமெல்லாம் யாரு சொன்னா? "ரோசா கொண்டா"ன்னாங்க. நம்ம வழக்கம் போல, காம்பே இல்லாம, சுத்தமாக் கிள்ளி மடி நெறையக் கொண்டு போய் நின்னேன். துரைசாணி ஒண்ண எடுத்துக் குடுவையில போட்டாங்க. முழுகிப் போச்சு! இன்னொண்ணு போட்டாங்க. அதுவும் முழுகிப் போச்சு! என்னயப் பாக்குறாங்க, குடுவையப் பாக்குறாங்க… அய்யய்யோ, அந்த மூஞ்சி! சமையல் பாக்குற கோக்கி மஹ்மூத் நானா குசினிக் கதவப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு பாரு, சட்டி அடிப்புடிச்சதுகூடத் தெரியாம. அப்புறம் நான் எல்லாப் பூவையும் நாருல கட்டி, குடுவையோட கழுத்துக்கு மாலையாப் போட்டு விட்டேன். பின்ன என்ன, வீணாப் போகலாமா?

எதச் சொல்ல வந்தேன்… ஆங், மொட்டை. துரைசாணியோட தங்கச்சி சீமையிலேருந்து கப்பல்ல வர்றாங்கன்னு துரைசாணி ரயிலேறிக் கொழும்புக்குப் போனாங்க, ஒரு மாசத்துக்கு மேல அங்கயே தங்கிட்டாங்க. போறப்ப படியில நின்னு கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னாங்க. கணக்கப்பிள்ளை ராஜலிங்கம்தான் பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னாரு. அவரு என்னத்தச் சொன்னாரோ, நான் என்னத்தக் கேட்டேனோ, அத இப்ப விடு. "தோட்டத்தப் பாத்துக்க"ன்னாரு. பாத்துக்கிட்டேன்! கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டேன்! அக்காளும் தங்கச்சியும் வந்து நிக்கிறப்ப பூ அப்படியே கொட்டிக் கெடக்கணும்னு ஆசை எனக்கு. அதுல என்ன தப்பு?

பண்டாரம் வந்தாரு, புள்ளையாருக்கு ரெண்டு செண்டுப்பூ குடுன்னு. "துரைசாணி பூவு, தொடப்படாது"ன்னுட்டேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நம்ம ஆளுங்க குடியிருக்குற லயத்துப் பொம்பளைங்க தலையச் சீவிக்கிட்டு வேலியோரமா வந்து நிப்பாளுக. "அக்கா, ஒரே ஒரு பூ." குச்சிய எடுத்தேன்! சிட்டாப் பறந்தாளுக. ரத்தினம்மா இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசுறதில்ல. மஹ்மூத் நானா கத்திய எடுத்துக்கிட்டு வந்தாரு. "புள்ள, துரை தனியா சோறு தின்னுறாரு, ஒரு புடி சலாது, ரெண்டு வெள்ளரி." நானா, அந்தக் கத்தி சலாதுக்கு வருதா, எனக்கு வருதான்னு கேட்டேன். திரும்பிட்டாரு. அட, நம்ப மாட்ட, துரையே ஒரு நாள் காலையில கோட்டு பொத்தான்ல குத்திக்க ஒரு ரோசாவத் தொட்டாரு. அவரு வீடு, அவரு ரோசா… நான் பின்னால நின்னுக்கிட்டு ‘ஹும்’னு ஒரு இருமல் இருமினேன். கைய எடுத்துட்டாரு! சத்தியமா! கையப் பின்னால கட்டிக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி படியேறிப் போயிட்டாரு!

மொத வாரம் நீ பாத்திருக்கணும், சுந்தரி. கண்டிக் கொளத்துப் பக்கம் வண்டியில போறவங்ககூட தலையத் திருப்பி மேல பாப்பாங்க. அப்படி ஒரு செவப்பு, அப்படி ஒரு மஞ்சள். போஞ்சியில மொதப் பிஞ்சு வந்துச்சு. நம்ம ஊர்ல மொதக் காய் நல்லாருந்தா என்ன செய்வோம்? துணியக் கட்டி விதைக்கு விடுவோம்ல? கட்டினேன். அடுத்ததப் பாத்தா, அதவிட நல்லாருக்கு. அதுக்கும் கட்டினேன். அதுக்கடுத்தது… என்னத்தச் சொல்ல, எல்லாமே நல்லாருந்துச்சு! ஒரு பழஞ்சேலை முழுசாக் கிழிஞ்சு போச்சு எனக்கு. வெள்ளரிக்குக் கட்டினேன், பூவுக்குக் கட்டினேன், மணக்குற பட்டாணிக்குக் கட்டினேன். வேண்டுதல் மரம் மாதிரி ஆடிச்சு தோட்டம்.

அப்புறம்தான்… என்னமோ ஆச்சு. வெயிலா இருக்கும். நத்தையா இருக்கும். முள்ளம்பன்றி வந்திருக்கலாம். கணக்கப்பிள்ளை தெனமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு "அடேயப்பா, அடேயப்பா"ன்னு கண்ணு வைப்பாரு, அதுவா இருக்கும். பூவெல்லாம் காஞ்சு உள்ள விதை கட்டிருச்சு. புதுசா ஒரு மொட்டு வரல. பந்தல் முழுக்க நெத்து. சலாது என் இடுப்பு ஒசரம் வளந்து கசப்பாப் போச்சு. வெள்ளரி மஞ்சளாகிப் பானை மாதிரி படுத்துக் கெடக்கு.

அந்த நேரம் பாத்து வந்து எறங்குறாங்க! துரைசாணி என்ன செஞ்சாங்க தெரியுமா? தங்கச்சியோட கண்ண ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, படி படியா எறக்கிக் கூட்டிட்டு வர்றாங்க. அது வேற கிளுகிளுன்னு சிரிக்குது. நான் இந்த மூலையில கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன். கைய எடுத்தாங்க… தங்கச்சி பாக்குது. காஞ்ச குச்சி, அதுல என் சேலக் கந்தல். "ஓ"ன்னுச்சு. ஒரே ஒரு "ஓ". துரைசாணி மூஞ்சி பீட்ரூட் மாதிரி ஆயிருச்சு. அப்பத்தான் தோட்டம் மொட்டைன்னாங்க, கணக்கப்பிள்ளை அதத் தமிழ்ல சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, புள்ள! சிரிக்கக் கூடாத நேரத்துலதான் எனக்கு வரும். முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டேன்.

அதோட விட்டுச்சா? மேசைக்குப் பூவும் இல்ல, காயும் இல்ல. மஹ்மூத் நானா, பாவம், அந்த முத்தின போஞ்சியத்தான் அவிச்சு வச்சாரு. சீமைலேருந்து வந்த புள்ள ஒண்ண வாயில போட்டு மெல்லுது, மெல்லுது, நாரு வருது, இழுக்குது, இன்னும் வருது, இன்னும் இழுக்குது… நூல் நூக்குற மாதிரி! துரை மட்டும் தட்டப் பாத்துக்கிட்டே தோளு குலுங்கக் குலுங்க உக்காந்திருந்தாராம். நானாதான் வந்து சொன்னாரு. சொல்லிட்டு ரெண்டு பேரும் குசினிக்குப் பின்னால உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். அதுக்கு மறுநாள்தான் கங்காணி வந்து மீசையத் தடவினது. சிரிப்பு அன்னிக்கே நின்னு போச்சு எனக்கு.

என்ன பாக்குற? கணக்கப்பிள்ளை என்னதான் சொன்னாருன்னா கேக்குற? ஒனக்கு எதுக்கு அது… சரி, ஒனக்குத் தெரிஞ்சுதான் ஆகணும், நாளைக்கு நீதானே. அவரு தெளிவாத்தான் சொன்னாரு. தண்ணி மாதிரித் தெளிவா. "ராக்கம்மா, தெனமும் வெட்டணும். வீட்டுல ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் வெட்டணும். வெட்ட வெட்டத்தான் பூக்கும், பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். விதை கட்ட விட்டா, வேல முடிஞ்சதுன்னு செடி நின்னுரும். ஆருக்கும் வேணாமா, வெட்டித் தூக்கிப் போடு." தூக்கிப் போடாம்! பூவ! விடிய விரிஞ்ச பூவ, சாமிக்கும் இல்லாம, தலைக்கும் இல்லாம, சும்மா வெட்டிக் குப்பையில போடுன்னா என் கை போகுமா? பாவம் இல்லையா அது? ‘ஆகட்டும்’னு தலைய ஆட்டினேன். ஆட்டிட்டு வெட்டல. அவ்வளவுதான் வெஷயம். நத்தையும் இல்ல, முள்ளம்பன்றியும் இல்ல.

போகட்டும், விடு. நீயாச்சும் நல்ல பேரு எடு. இங்க பாரு, இப்படித்தான் செய்யணும். காஞ்ச தலைய, கீழ எலை இருக்குற எடத்துக்கு மேல, வெடுக்குன்னு. பாத்தியா, இந்தக் கணுவுலேருந்து ரெண்டு கெளை வரும். கந்தலையும் அவுத்துரு. நெத்தெல்லாம் உருவு. ஆங், வாளியில போடு. எனக்கென்ன, நான் வெட்டிக்கிட்டே பேசுவேன். இந்த வரிசை முடிஞ்சுது… அந்த வரிசையும் ஆச்சு. பொழுது சாயிறதுக்குள்ள முடிச்சிரலாம். மழை ரெண்டு விழுந்தா போதும், நீ நிக்கிறப்ப கொட்டப் போகுது பூ. என் கையால வெட்டினது, ஒனக்குப் பேரு. நல்ல கூத்து!

அட, இங்க பாரேன், அடியில ஒளிஞ்சிருந்து நாலஞ்சு செண்டுப்பூ பூத்திருக்கு! இதையும் வெட்டணும். இத நீ வெட்டு, பழகிக்க. ம், வெட்டு. ஏன் கைய இழுத்துக்கிற?… எதுக்குப் பாவம்கிற? தூக்கிப் போட மாட்டியா? அடி சுந்தரி! நீயும் நம்ம சாதிதானா! ஹா… போச்சு போ, அடுத்த மாசம் ஒனக்கும் ஒரு "ஓ" காத்துக்கிட்டிருக்கு! வெட்டுடி, கண்ண மூடிக்கிட்டு வெட்டு… ஆங். அப்படி.

அதென்ன, மடியில கட்டுற? வாளி இங்கல்ல இருக்கு? ஏய், எங்க கெளம்பிட்ட? சொல்லிக் குடுத்து முடிக்கவே இல்லையே நான்!… லயத்துக்கா? பூவக் கொண்டா? ரத்தினம்மாவுக்கு ஒண்ணு, புள்ளையாருக்கு ஒண்ணு… தூக்கிப் போடச் சொன்ன பூவத்தானே குடுக்குறேங்கிறியா? அது எப்படி, துரைசாணி என்ன சொல்லு…

…ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அய்யோ. தூக்கிப் போடுன்னவங்க குடுக்காதன்னு சொல்லவே இல்லையே! துரைசாணி சொல்லல, கணக்கப்பிள்ளை சொல்லல, துரை சொல்லல. ஆருஞ் சொல்லல, புள்ள. நாந்தான் சொன்னேன். வந்து கேட்டவளுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்திருந்தா… நானாவுக்கு அந்தச் சலாத விட்டிருந்தா… அந்த மனுசன் கோட்டுல ஒரு ரோசாவக் குத்த விட்டிருந்தா, இந்நேரம் இங்க நிக்க எடமில்லாமப் பூத்திருக்கும்! குச்சிய வச்சிக்கிட்டு நானே வெரட்டியிருக்கேன், என் வேலைய நானே! ஹா ஹா… அடிப் பாவி ராக்கம்மா!

ஏ சுந்தரி! திரும்பிப் பாக்காமப் போறாளே… ஏய், நில்லுடி! வேலியோரமா நான் இப்படியே நிக்கிறேன். எனக்கு ஒரே ஒரு பூ குடுத்துட்டுப் போடி!