தேவராஜ் வண்டியில் வந்த சத்தம்

டீ வேண்டாம் ஐயா, இப்போதுதான் கரையான்சாவடி முனையில் குடித்துவிட்டு வருகிறேன். அந்தக் கடையில் சர்க்கரை எப்போதும் தூக்கல்தான். உட்காரச் சொன்னீர்களே, அதுவே போதும்.

என் பெயர் கோதண்டம். மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். போன மாசியில் செம்பரம்பாக்கம் தாண்டி லாரிக்கு அடியில் போனானே தேவராஜ், அந்த விஷயமாகத்தான் வந்தேன். விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். உங்கள் மேல் குறை சொல்லவில்லை. அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

முதலில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். பழைய வண்டியில் ஒரு சத்தம் வந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்ஜின் தலையில் இருக்கிற டேப்பெட் என்பான் ஒருவன், செயின் என்பான் இன்னொருவன். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிவார்கள். நான் கழற்ற மாட்டேன். வண்டியை நன்றாகச் சூடாக்குவேன். நீளமான திருப்புளியின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வேன். உள்ளே எது தட்டுகிறது, எது உரசுகிறது என்று தெளிவாகக் கேட்கும். ஆவடியிலிருந்தெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வருவார்கள். தெருவில் போகிற வண்டியைக் கடைக்குள் உட்கார்ந்தபடியே யாருடையது என்று சொல்லிவிடுவேன். என் மனைவி வசந்தாகூட இதை வைத்துக் கேலி செய்வாள்.

தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அவனுடையது ரொம்பப் பழைய வண்டி. அதன் சைலன்ஸரில் உள்குழாய் துருப்பிடித்து உதிர்ந்துபோனது. புதுப்பேட்டையில் ஒரு நீளக் குழாய் வாங்கி வந்து, பாதியாக அறுத்து, ஒரு பாதியை உள்ளே வைத்து நானே வெல்டிங் செய்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டிக்குத் தொண்டை கட்டிய ஆள் பேசுவது போல ஒரு குரல் வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் கிடையாது.

கார்த்திகை மழையில் எனக்குக் காய்ச்சல். கடைக்குப் போகாமல் பருத்திப்பட்டு வீட்டிலேயே படுத்திருந்தேன். மதியம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடும்போது தெருவில் அந்தக் குரல் வந்தது. எங்கள் வாசலுக்கு நேராக வந்து நின்றது. வசந்தா எழுந்து வாசல் பக்கம் போனாள். கதவைப் பாதி சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"யாரு வந்தது?" என்று கேட்டேன்.

"யாரும் வரலியே. எதிர் ஊட்டுக்கு யாரோ வந்துகீறாங்க. நீ தூங்கு."

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. தலையில் பூ வேறு வைத்திருந்தாள். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்கிற நாளில் எதற்குப் பூ?

காய்ச்சல் விட்ட பிறகு, மதிய நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து வீட்டுப் பக்கம் அடிக்கடி போனேன். ஏரிக்கரை மேல் நிற்பேன். அங்கிருந்து எங்கள் தெரு தெரியாது, ஆனால் நன்றாகக் கேட்கும். பல நாட்கள் அந்தக் குரல் வந்தது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்துப் போனது. கரையை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போய்ப் பார்ப்பது சந்தேகப்படுகிறவன் செய்கிற வேலை. எனக்குச் சந்தேகமே இல்லை ஐயா.

அதன் பிறகு மற்றவையும் பொருந்தி வந்தன. தேவராஜுக்கு அப்போது ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் சும்மா இருப்பான். புதுச் சட்டை தைத்திருந்தான். ஒருநாள் என் கடையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாத்தே, உங்க ஊட்டு வத்தக்கொழம்பு மாதிரி ஓட்டல்லகூட கெடைக்காது. நீ குடுத்து வச்சவன்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் துடைத்தேன். அதற்கு முன்பு எப்போதோ என் தூக்குப் பாத்திரத்திலிருந்து அவனுக்கு நானே ஒரு கவளம் கொடுத்திருக்கிறேன். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

வசந்தாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தேகப்படுகிற புருஷன் என்ற பெயர் அவளுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. அவள் மேல் நான் இன்றுவரை கை நீட்டியதும் கிடையாது.

தை முடிகிற நேரத்தில் தேவராஜ் வண்டியைக் கொண்டுவந்தான்.

"அண்ணாத்தே, அடில இன்னாவோ டொக்கு டொக்குன்னு கேக்குது. சூடு ஏறினாத்தான் வருது, ஆறினா காணாம பூடுது. ஒருத்தன் டேப்பெட்டுன்றான், ஒருத்தன் செயினுன்றான். நீ கேட்டுச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. நாகவல்லியையும் பாப்பாவையும் இட்டுகினு காஞ்சிபுரம் போலாம்னு கீறேன்."

நாகவல்லி அவன் மனைவி. பாப்பாவை எப்போதும் முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்து ஓட்டுவான்.

வண்டியைச் சூடாக்கினேன். திருப்புளியை மேலே வைத்தேன், டேப்பெட் சுத்தமாக இருந்தது. பக்கவாட்டில் வைத்தேன், செயினிலும் குறை இல்லை. அடியில் வைத்ததும் கேட்டது. கனெக்டிங் ராடின் அடி பேரிங். மரக்கதவை உள்ளேயிருந்து யாரோ முட்டியால் தட்டுவது போன்ற சத்தம் அது. அந்த பேரிங் தேய்ந்துகொண்டே போய், வேகமாக ஓட்டும்போது ஒருநாள் இறுகிக்கொள்ளும். என்ஜின் அப்படியே நிற்கும், பின்சக்கரம் பூட்டு போட்டது போல நின்றுவிடும். மெதுவாகப் போகிறவன் கீழே விழுந்து சிராய்ப்போடு எழுவான். வேகமாகப் போகிறவன் கதி பின்னால் வருகிற லாரியைப் பொறுத்தது.

"டேப்பெட்டுதான்" என்றேன். "நாளைக்கு வந்து வண்டிய எடுத்துக்கோ."

"அப்பாடா" என்றான். அவன் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா ஐயா. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நான் அந்த வண்டியில் எதையும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை, ஒரு நட்டைக்கூடத் தளர்த்தவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆயிலை இறக்கிவிட்டு, கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினேன், அவ்வளவுதான். ஓட்டை வண்டியை விற்கிறவர்கள் செய்கிற வேலை அது. சத்தம் அமுங்கிவிடும். ஆனால் அந்தக் கெட்டி ஆயில் பேரிங்குக்குச் சரியாகப் போய்ச் சேராது.

மறுநாள் வந்து உதைத்துப் பார்த்தான். சத்தமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் காதே காது அண்ணாத்தே" என்றான்.

"கார்பன் அடைஞ்சு கீது. ரோட்டுல நல்லா முறுக்கி ஒரு ஓட்டம் ஓட்டு, சரியாப் பூடும்" என்றேன். "மொத ஓட்டம் நீ தனியாப் போ. புள்ளய ஏத்தாத."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவன் என் பேச்சைத் தட்டாமல் தனியாகத்தான் போனான். மீதி உங்கள் கேஸ் கட்டிலேயே இருக்கிறது. சாவுக்கு நானும் மாலையோடு போய் வந்தேன்.

பங்குனியில் ஒரு மதியம் தலைவலி என்று வீட்டில் இருந்தேன். தெருவில் அதே குரல் வந்தது. வாசலுக்கு நேராக வந்து நின்றது.

இந்த முறை எழுந்து போய்ப் பார்த்தேன். துலுக்கானம் நின்றுகொண்டிருந்தான், வேலப்பன்சாவடிப் பக்கம் லாரி ஓட்டுகிற பையன். தேவராஜ் வைத்திருந்த அதே மாடல் வண்டி. கையில் தூக்குப் பாத்திரம்.

"அண்ணாத்தே, இது உன் ஊடா? எதிர்ல எங்க அக்கா கெங்கம்மா கீது. மாசமா கீதுல்ல, அம்மா சோறு குடுத்தனுப்பும். மழைக்காலத்துலேந்து வந்துகினுகீறேன், உன்னப் பாத்ததே இல்ல." சைலன்ஸரைக் காலால் தட்டிக் காட்டினான். "சவுண்டு எப்டி கீது? ஆயுத பூஜ அன்னிக்கு நீ குடுத்தியே, அந்தப் பைப்புதான்."

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது ஓரத்தில் கிடக்கும் பழைய இரும்பையெல்லாம் வெளியே குவிப்பது வழக்கம். அன்று பொரி வாங்க வந்தவன் அந்தக் குவியலில் கிடந்த மீதிப் பாதிக் குழாயைப் பார்த்து, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொண்டு போ என்றேன். வேறு எங்கோ கொடுத்து வெல்டிங் செய்திருக்கிறான். எனக்கு மறந்தே போய்விட்டது. ஒரே குழாயின் இரண்டு பாதிகள். அறுத்ததில் ஒரு நூல்கூட வித்தியாசம் வராத கை என்னுடையது, வேறு எப்படிச் சத்தம் வரும்?

வசந்தா உள்ளேயிருந்து, "சொன்னேனே, எதிர் ஊட்டுக்குன்னு" என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்காக நான் இங்கே வரவில்லை ஐயா. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒருவன் வாழ்ந்துவிடலாம்.

போன வாரம் நாகவல்லி கடைக்கு வந்தாள், இடுப்பில் பாப்பாவோடு. நசுங்கிய வண்டியைக் கழற்றிப் பார்த்த வேறு கடைக்காரன், பேரிங் போயிருந்ததைச் சொல்லியிருக்கிறான். அவள் என்னைத் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ அண்ணே, உனுக்குத் தெர்ல. தெரிஞ்சா சொல்லாமயா இருந்திருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்ற வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். இப்போது டீக்கடையில் கோதண்டத்துக்குக் காது போய்விட்டது என்று பேசுகிறார்கள். வண்டிகள் என் கடையைத் தாண்டிப் போகின்றன. அவள் அப்படி மன்னித்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தேவராஜைக் கொன்றது நான்தான். தூக்கு என்றாலும் சரி. ஆனால் அது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திருப்புளியைக் காதில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டேன்.