படத்துக்கு மண்டகப்படி

காலையில் வந்ததும் ஜன்னல்களைத் திறப்பேன். தெருப்பக்கம் முதலில், கிணற்றுப்பக்கம் பிறகு. பழைய வேட்டித் துணியால் சட்டங்களைத் துடைப்பேன். படத்தைத் தொடுவதில்லை. ஒரு குடம் தண்ணீர் இறைத்து வாசலுக்குத் தெளிப்பேன். அதற்குள் தர்மன் ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். அவர் காவலாளி. அவர் வந்ததும் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போவேன். இன்று நீங்கள் வந்திருப்பதால் டீயை இங்கேயே கொண்டுவரச் சொன்னேன். மற்றபடி எல்லா நாளும் இப்படித்தான்.

நீங்கள் கேட்டது திட்டத்தைப் பற்றி. மற்ற ஊர்களில் தோற்றது காஞ்சிபுரத்தில் மட்டும் எப்படி நடந்தது என்று தலைமை அலுவலகம் தெரிந்துகொள்ள விரும்புகிறது. நியாயம்தான். ஆனால் என் மனைவியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவள் பெயர் வடிவாம்பாள். போன வைகாசியில் இறந்துபோனாள். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சென்னையில் நம் அருங்காட்சியகத்தில் படங்கள் அதிகம், சுவர் குறைவு. நவீன ஓவியங்களில் பாதிக்கு மேல் இருட்டில் அடுக்கிக் கிடந்தன. மக்கள் பணத்தில் வாங்கியவை மக்கள் கண்ணில் பட வேண்டும் என்று இயக்குநர் நினைத்தார். நல்ல மனிதர். சில ஊர்களில் கிளை திறந்தார். கிளையில் இருக்கும் படத்தை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல. காசு கிடையாது.

இங்கே ஒரு பட்டு வியாபாரியின் பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். முன்னால் கூடம், பின்னால் ஜன்னல் இல்லாத அறை. பட்டு வைத்திருந்த அறை என்பதால் கதவு கனம். எழுபதில் என்னைத் தற்காலிகப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

அதற்கு முன் நான் மாமனார் வீட்டில் இருந்தேன். தத்துவம் படித்தவனுக்கு வேலை கிடைக்கவில்லை. மாமனார் கைலாசம் நெசவாளர். வீட்டிலேயே தறிகள் வைத்திருக்கிறார். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டுவார்கள். நான் வெளியே வந்தால் யாராவது ஒருவர் கூப்பிடுவார்.

"மாப்ள, சும்மாதானே நின்னுக்கினு இருக்கிற. இந்த முனையக் கொஞ்சம் புடிப்பா. எம்.ஏ. படிச்ச கையி பட்டா நூலு அறாது."

பிடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. வேலை கிடைத்த பிறகு கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எனக்கு அந்த வேலை அதற்காகத்தான் வேண்டியிருந்தது. சம்பளம் பெரிதில்லை.

முதல் படத்தை எடுத்துக்கொண்டவர் லோகாம்பாள். எங்கள் தெரு, கோடி வீடு. நீலத்தின் மேல் சிவப்புக் கட்டங்கள் போட்ட படம். நானும் தர்மனும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தது. கீழே சூடம் கொளுத்திய தட்டு. சிவப்புக் கட்டத்தின் நடுவில் குங்குமம்.

"என்னம்மா இது?" என்றேன்.

"ஏம்பா, வூட்டுக்கு வந்தத சும்மாவா வுடுவாங்க?"

"இது சாமி இல்லைங்கம்மா."

"சாமி இல்லன்னா எதுக்கு வண்டியில ஏத்தி ரெண்டு பேரு தள்ளிக்கினு வந்தீங்க? கக்கத்துல இடுக்கிக்கினு வரவேண்டியதுதானே?"

படத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். தொடக்கூடாது, பூப் போடக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது என்று வாசலில் பலகை வைத்தேன். நவீன ஓவியம் என்றால் என்ன என்று கூடத்தில் வாரம் ஒரு பேச்சு வைத்தேன். தர்மன் மட்டும் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகு ஒருவரும் படம் கேட்டு வரவில்லை. இன்னும் சில மாதம் இப்படிப் போனால் கிளையை மூடிவிடுவார்கள் என்று தெரிந்தது.

வடிவு எட்டாவது வரை படித்தவள். ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்.

"சாமி வெளிய வர்றதுன்னா தெருவுக்கே முன்னாடி சொல்லுவாங்க. இன்னிக்கு இவங்க மண்டகப்படி, நாளைக்கு அவங்க மண்டகப்படின்னு. நீங்க மூட்டைய எறக்கற மாதிரி எறக்கிட்டு வந்தீங்கன்னா யாருக்குத் தெரியும்?"

நீங்கள் இந்த ஊர் இல்லை என்பதால் சொல்கிறேன். திருவிழாவில் சாமி கோயிலை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு தெருவாரும் தங்கள் இடத்தில் அவரை நிறுத்தி உபசரிப்பார்கள். அதுதான் மண்டகப்படி. அந்த உரிமைக்காகத் தலைமுறைக் கணக்கில் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். மூலவர் உள்ளேயே இருப்பார். வெளியே வருவதற்கென்றே உற்சவர் உண்டு. அருங்காட்சியகமும் அப்படித்தானே என்றாள் வடிவு. நான் மறுக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இந்த மாதம் படம் இந்த வீட்டு மண்டகப்படி, தெருவே வந்து பார்க்கலாம். படம் வரும் நாளில் சுவருக்கு முன்னால் ஒரு முழ அகலத்துக்கு மாக்கோலம் போட்டாள். கயிறு கட்டினால் தாண்டுவார்கள். கோலத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள். குங்குமம் வைத்தே தீர வேண்டும் என்றவர்களைப் படம் வந்த மரப்பெட்டிக்கு வைக்கச் சொன்னாள். பெட்டி பல்லக்கு ஆயிற்று. படத்தின் மேல் ஒரு பொட்டும் விழவில்லை.

வருடம் முடிவதற்குள் படங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. திருப்புட்குழியிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். அவளைத் தேடி வந்தார்கள். நான் கூடத்தில் இருப்பேன். "வடிவு இல்லீங்களா? அப்ப அப்புறம் வர்றோம்" என்று போய்விடுவார்கள்.

போன பங்குனியில் இயக்குநர் வந்தார். அன்று மறுபடியும் லோகாம்பாள் வீட்டு முறை. பெண்கள் கோலத்துக்கு இந்தப்பக்கம் நெருக்கி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி, இது மயில்கழுத்தா, ராமர் பச்சையா?"

"கண்ணத் தொடச்சிக்கினு பாரு. மயில்கழுத்துதான். பக்கத்துல அரக்கு இருக்குதுல்ல, அதனால பச்சையாட்டம் தெரியுது."

லோகாம்பாள் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா, வரைஞ்சவரு எதுக்கு இப்படிப் போட்டாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வடிவு முந்திக்கொண்டாள்.

"அவரக் கேக்காதீங்கக்கா. அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள படத்துல கலரு போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாலையில் அவர் என்னைக் கூடத்தில் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நிரந்தரப் பதவி ஒன்றுதான் அனுமதியாகியிருந்தது. அதை வடிவுக்குத் தருவதாகச் சொன்னார். ஆறு மாதம் சென்னையில் பயிற்சி. பிறகு மற்ற ஊர்களுக்கும் அவளே போய் இந்த முறையைத் தொடங்கிவைக்க வேண்டும். என் தற்காலிகப் பொறுப்பு வைகாசியோடு முடியும்.

"உங்களுக்கு வருத்தம் இருக்காதே? ஒரே குடும்பம்தானே" என்றார்.

இல்லை சார் என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்.

மாமனார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். "எங்க மாப்பிள்ளைக்கு இனிமே கவல இல்ல. உக்காந்து சாப்பிட வேண்டியதுதான்" என்றார். மனதார வாழ்த்தினார். மறுநாள் காலை நான் வெளியே வந்தபோது பாவு விரித்திருந்தது.

"மாப்ள, கையி காலியாயிடுச்சாமே? வா, வா. உன் முன அப்படியே இருக்குது."

போய்ப் பிடித்தேன்.

வடிவுக்கு என் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. "நீங்களும் மெட்ராசுக்கு வந்துடுங்க. அங்க நம்மள யாருக்குத் தெரியும்? நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்போடுதான் சொன்னாள். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கோபம் வந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கலாம்.

உங்கள் அறிக்கைக்கு இதுவரை சொன்னது போதும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவும் இல்லை.

தறி வீடுகளில் ஈரம் அதிகம். அங்கே போய்வரும் படங்களில் பூச்சி ஏறும். திரும்பி வந்த படங்களைப் பின்னறையில் வைத்து, தட்டில் மருந்து போட்டு, கதவைச் சாத்தி, இடுக்குகளில் கஞ்சிப் பசையால் காகிதம் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் திறக்கக்கூடாது. உள்ளே உயிர் எதுவும் மிஞ்சாது. கடைசியில் எனக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான். அதை நன்றாகச் செய்தேன்.

கருட சேவை அன்று கிளைக்கு விடுமுறை. தர்மனும் பார்க்கப் போய்விட்டார். விடிந்ததிலிருந்து ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. வாத்திய ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சென்னைக்குப் போகும் முன் கடைசி மண்டகப்படிக்கு ஒரு படத்தைத் தன் கையால் எடுத்துவைக்க வேண்டும் என்று வடிவு வந்தாள். நான்தான் சாவியோடு கூட வந்தேன்.

போலீசில் நான் சொன்னது வேறு. அவள் கருட சேவை பார்க்கப் போயிருப்பதாக நினைத்தேன், அறையில் ஆள் இருப்பது தெரியாது, வழக்கப்படி வாசலில் நின்று குரல் கொடுத்தேன், பதில் இல்லை, சாத்தினேன் என்று சொன்னேன். மாமனார் வீட்டில் அவள் என்னோடு இருப்பதாக நினைத்தார்கள். அன்று மாலை நான்தான் அவளைத் தேடி அழுதுகொண்டு தெருத்தெருவாகப் போனேன். அழுகை பொய் இல்லை. பின்னறையைத் திறந்து அவளை வெளியே எடுத்த பிறகு இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டினார். விபத்து என்று முடித்தார்கள்.

மருந்துத் தட்டை அவள் வருவதற்கு முன்பே அடுக்குக்குப் பின்னால் வைத்திருந்தேன். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே போகும்போது அவள் நின்று கேட்டாள்.

"மருந்து வெச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ எடுத்ததும் வெக்கணும்" என்றேன்.

அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். காகிதம் முன்பே நறுக்கித் தயாராக இருந்தது. பசை பூசி ஒட்டினேன். மேல் இடுக்கு, பக்கங்கள், கடைசியாகக் கீழே. சுருக்கம் விழாமல் ஒட்டினேன். இத்தனையும் ஏதோ ஒன்று என்னை வைத்துச் செய்துகொள்வதுபோல இருந்தது. நிறுத்த என்னால் முடியவில்லை. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

அந்தப் பதவி எனக்கு வந்தது. கருணை அடிப்படையில் என்று இயக்குநர் எழுதியிருந்தார். வீடுகளில் இப்போது லோகாம்பாள் கோலம் போடுகிறார். படத்தோடு நான் போனால் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. பாவு பிடிக்கவும் கூப்பிடுவதில்லை. மற்ற ஊர்களிலும் இந்த முறை நடக்கும் என்று நினைக்கிறேன். கோலம் போட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கஷ்டப்படாமல் போனாள் என்று டாக்டர் மாமனாரிடம் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள் என்றார். மாமனாருக்கு அது ஆறுதல். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சில நாள் நம்பவும் செய்தேன்.

அவள் பேசினாள். முதலில் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு தட்டினாள். நான் வெளியே நின்று கதவோடு போராடிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்க வேண்டும். தெருவில் வாத்தியம் ஒரு நிமிடம் ஓய்ந்தது. அந்த நேரத்தில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. இருமலுக்கு நடுவே, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"பயந்துக்காதீங்க. கதவு இறுகிக்கிச்சு போல இருக்குது. மெதுவாத் தள்ளுங்க. நான் எங்க போயிடப் போறேன்."