மாறிப்போன மூலை

— சாதிக் அண்ணே, இன்னொரு தடவை வானத்தப் பாத்து வைங்க.

— இது நாலாவது பீஸ், அஃப்ரீன். இதுவும் ஊமை லா. இந்தப் படகு ஜெட்டிக்கு மேல மரமும் இல்ல, கட்டடமும் இல்ல. என் ஃபோன் பதினோரு சேட்டிலைட் காட்டுது, உன் ஆண்டெனா ரெண்டுக்கே மூச்சு வாங்குது.

— இங்க குடுங்க. அந்த டிராயிங்கையும் எடுங்க.

— பீங்கான் சில்ல வெச்சுக்கிட்டு என்னத்த இப்படி உத்துப் பாக்குற?

— மூலைய. நான் வெட்ட நினைச்சது இந்த ரெண்டு மூலை. வெட்டியிருக்கிறது அந்த ரெண்டு.

— வெட்டுனவன் சொதப்பிட்டானா?

— இல்லண்ணே, நான்தான். அடிப்பக்கத்துலேருந்து பாக்குற மாதிரி வரைஞ்சிட்டேன், எல்லாம் இடவலமா மாறிப்போச்சு. சேட்டிலைட் சிக்னல் வலது பக்கமா சுத்திக்கிட்டே வருது. இது இடது பக்கமா சுத்துறதுக்குத்தான் காது குடுக்கும்.

— அரம் இருக்கு. மத்த மூலையையும் உரசிட்டா போச்சு.

— செராமிக்ல அந்த வேலையே ஆகாது. செராமிக்ங்கிறதாலதான் கட்டைவிரல் நகம் அளவுக்கு அடக்க முடிஞ்சது. அதனாலயே கொஞ்சம் உரசினாலும் ஃப்ரீக்வென்ஸி எங்கயோ ஓடிடும். வெட்டி வந்த அறுபது பீஸும் வீண்.

— சுசா லா, கஷ்டம்தான். திங்கக்கிழமை உனக்கு வேலை நிரந்தரம்னு கன்ஃபர்மேஷன் லெட்டர் வரணும்ல?

— வரணும்.

— அப்ப நான் சொல்றதக் கேளு. செராமிக் சரக்கே சரியில்லன்னு சொல்லிடு. பாஸ் சிம்பாங் அம்பாட் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு மூலைய எண்ணவா போறாரு?

— சரக்கு அனுப்புனவங்க தலையில கட்டச் சொல்றீங்க.

— சும்மா ஒரு சந்தேகத்தக் கிளப்பி விடு, அவ்ளோதான்.

— எனக்கு பயமாத்தான் இருக்கு. ஆனா பொய் சொல்லி வாங்குற லெட்டர வீட்டுல காட்ட எனக்கு மனசு வராது. அண்ணே, இப்ப என்ன செஞ்சீங்க?

— ஒண்ணும் செய்யல லா. இந்த பீஸ வாங்கி கடல் பக்கம் கவுத்திப் பிடிச்சிருக்கேன்.

— ஸ்கிரீனப் பாருங்க. ஆறு. எட்டு.

— பாரேன், எங்கேருந்து வருது இது?

— அப்படியே ஜெட்டிப் பலகைக்கு மேல கொண்டு வாங்க.

— விழுந்திருச்சு.

— மறுபடி தண்ணிக்கு மேல நீட்டுங்க.

— ஏறுது. கடலுக்குள்ள ஏது சேட்டிலைட்டு?

— தண்ணியில பட்டுத் திரும்புறப்ப சிக்னல் சுத்துற பக்கம் மாறிடும், அண்ணே. வலது இடதாயிடும். இது அந்த எதிரொலியத்தான் கேக்குது.

— கேட்டு என்ன பிரயோசனம்?

— நேரா வர்ற சிக்னலும் பட்டு வர்ற சிக்னலும் எவ்வளவு முன்னபின்ன வருதுன்னு பாத்தா, தண்ணி எந்த உயரத்துல நிக்குதுன்னு சொல்லிடலாம். தண்ணியத் தொடவே வேணாம்.

— அட, பரவாயில்லையே.

— பாஸ் கேட்டது படகுக்கு வழிகாட்டுற ஆண்டெனா, இது இல்லையே. நான் ஃபோன் போடுறேன்.

— என்னன்னு சொல்லப் போற?

— நடந்தது எதுவோ அதத்தான். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கூடவே இருங்க... பாஸ், அஃப்ரீன் பேசுறேன். ஆண்டெனா ஃபெயில். டிராயிங்ல நான் பண்ண தப்பு, மூலை மாறிப்போச்சு.

— அறுபதுமா?

— அறுபதும்தான், பாஸ். மன்னிச்சிடுங்க. இன்னொண்ணும் சொல்லணும். கடலப் பாத்து கவுத்திப் பிடிச்சா எட்டு சேட்டிலைட்டோட எதிரொலி கிடைக்குது.

— சாதிக், இத நீ பாத்தியா?

— கண்ணால பாத்தேன், பாஸ். பலகைக்கு மேல வந்தா படுத்திருது, தண்ணிக்கு மேல போனா எழுந்திருது.

— அஃப்ரீன், தண்ணி மட்டம் கணக்குப் போட்டு எடுக்க முடியுமா?

— முடியும், பாஸ். ரெண்டு நாள் வேணும்.

— கரையோரத்துல வெள்ளம் ஏறுற கம்பத்து ஊருக்கெல்லாம் தண்ணி மட்டம் பாக்க ஒரு கருவி கேட்டு என் உயிர எடுக்குறாங்க. தண்ணிக்குள்ள எதப் போட்டாலும் மூணு மாசத்துல சிப்பி ஒட்டி செத்துப்போகுது.

— அப்ப இந்த அறுபதத் தூக்கிப் போட வேணாமா, பாஸ்?

— அறுபது பத்தாதும்மா.