உங்கள் வேகத்தில், உங்கள் நேரத்தில்

— முடிச்சாச்சா? நீ என்னத்தை முடிச்ச? வீடியோ ஓடுச்சு, நீ பட்டனை அமுக்கின. அதுக்குப் பேரு படிப்பா?

— நாப்பது பாடங்க. ஒவ்வொண்ணுக்கும் கடைசியில பத்துக் கேள்வி. அதுக்கெல்லாம் பதில் யாரு போட்டது?

— என்னமோ நாலுல ஒண்ணைத் தொட்டிருப்ப, குருட்டாம்போக்குல விழுந்திருக்கும். பதினெட்டு வருஷமா மருந்து குடோன்ல நிக்கிறவன் நான். எனக்குப் போய் கம்பெனியில போன்ல பாடம் எடுக்கறானுங்க. அதுவும் எப்படி? 'உங்கள் வேகத்தில், உங்கள் நேரத்தில்'. எனக்கு ஏது நேரம்? அதான் வீட்டுல சும்மா இருக்கற உன்கிட்ட தள்ளி விட்டேன்.

— சும்மாதான் இருந்தேன். அடுப்புல ஒரு கண்ணு, போன்ல ஒரு கண்ணு. புரியலைன்னா நிறுத்திட்டு மறுபடி போட்டேன். மூணாம் பாடத்தை மட்டும் ஏழு தடவை. ஒரு தடவைகூட மூஞ்சியைச் சுளிக்கல.

— யாரு?

— போன்தான்.

— ஏழு தடவையாம். அம்மணியோட மூளைக்கு அந்த வேகம் சரிதான்.

— அந்த மூணாம் பாடத்துலதாங்க இன்சுலினை எப்படி வைக்கணும்னு இருந்துச்சு. குடோன்ல அதை ஃப்ரீசர்ல வைக்காதீங்கன்னு போன மாசமே உங்ககிட்ட சொன்னேன்.

— சொன்ன.

— சிரிச்சீங்க. உங்க அண்ணனைப் பார்த்து, 'டாக்டரம்மா வந்துட்டாங்க, எந்திரிச்சு நில்லுங்க'ன்னீங்க.

— அது தமாஷுக்குச் சொன்னது. ஜில்லுனு இருக்கட்டுமேன்னு வச்சேன்.

— ஜில்லுனு இருக்கலாம். உறையக் கூடாது. உறைஞ்சு இளகிட்டா அதுல வீரியம் இருக்காது. பாட்டிலைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஊசி போட்டுக்கிறவங்க உடம்புக்குத்தான் தெரியும்.

— அதைத்தான் மேனேஜர் இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. ஃப்ரீசர்ல இருந்த அறுபது இன்சுலின் பெட்டியையும் தூக்கி ஓரமா வச்சிட்டாரு. இந்தப் பாடம் முடிச்ச சான்றிதழ் இல்லாதவன் இனிமே குடோன் சாவியைத் தொடக் கூடாதாம். அதான் மத்தியானமே ஓடி வந்தேன்.

— வெளியில ஏதாவது பெட்டி போயிருக்கா?

— எனக்கு என்ன தெரியும்?

— தெரியணுமே. யார் கைக்குப் போச்சுன்னு எழுதி வைக்கணும். அது பதினொண்ணாம் பாடம்.

— போதும் உன் பிரசங்கம். என் போனுக்கு அந்தச் சான்றிதழை அனுப்பு. சாயந்திரம் அவரு மேஜையில வைக்கணும்.

— அனுப்பறேன். உங்களுக்கு அது உதவாது.

— ஏன், ஃபெயிலாக்கிட்டியா?

— தொண்ணூத்தாறு மார்க்.

— அப்புறம் என்ன?

— கடைசிப் பரீட்சைக்கு முன்னாடி, சான்றிதழ்ல என்ன பேர் போடணும்னு கேட்டுச்சு. அந்த ஒரு கேள்விக்குத்தான் ரொம்ப நேரம் யோசிச்சேன். என் பேரைப் போட்டேன்.