ஆறு பிளக்கிலும் ஒரே இடைவெளி

அன்று காலை ஒன்பது மணிக்குப் பட்டறையில் இருந்தவர்கள்: நான், முதலாளி, என் தங்கை, அவள் கணவர். அவர்கள் காரின் பின் சீட்டில் ஒரு காலி மீன் தொட்டி. பட்டியல் வேண்டும் என்று கேட்டீர்கள், எழுதுகிறேன். மீன் தொட்டி ஆள் இல்லைதான். ஆனால் அதை விட்டுவிட்டால் மற்றது புரியாது.

வேகக் கார்களுக்குப் பிளக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலும் பார்ப்பது என் வேலை. பதினேழு வருடமாக வேறு எதையும் நான் தொட்டதில்லை. விலை கூடிய பிளக் போட்டால் வண்டி பறக்கும் என்று நினைத்து வருவார்கள். பிளக் பொறி மட்டும்தான் போடும். டர்போ வைத்த இன்ஜினில் அந்தப் பொறியின் பாடு திண்டாட்டம். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது டர்போ காற்றை உள்ளே திணிக்கும். அந்த நெரிசலில் பொறி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவ வேண்டும். அதனால் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்து வைப்போம். மாப்பிள்ளையின் ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான் வைத்திருந்த அளவு அறுபது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டு அதில் அறுபது. இடைவெளியைக் கூட்டினால், பெருங்காற்றில் தீக்குச்சி கிழித்த மாதிரி பொறி அணைந்துவிடும். மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. முழுதாக மிதித்தால்தான் தெரியும்.

அப்பாவுக்குப் பின் அம்மாவும் போனபோது எனக்கு இருபது வயது, தங்கைக்குப் பதினொன்று. படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டேன். ஒரு கம்பெனியில் இராத்திரி ஷிப்ட் போனேன். அவள் தனியாகத் தூங்கப் பயந்தாள் என்று அதையும் விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தேன். பள்ளி விட்டதும் அவளும் அங்கே வந்துவிடுவாள். இன்ஜின் இடுக்கில் விழுந்த நட்டை எடுக்க அவள் கைதான் போகும். அதனால் சுண்டெலி என்று பெயர் வைத்தேன். பன்னிரண்டு வயதில் ஃபீலர் கேஜ் பிடிப்பாள். இடைவெளிக்குள் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள் அவை. தகடு இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. அந்தப் பதம் வர எனக்கு ஒரு வருடம் ஆனது, அவளுக்கு ஒரு வாரம்.

கல்யாணம் ஆன பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாள், டீ போடுவாள், அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். எனக்கு அது போதும். நான் அதிகம் கேட்கிறவன் இல்லை.

பிறகு மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. காரில் ஒன்பது மணி நேரம். நான் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். என் வீட்டு மாடியைக் காலி செய்து வெள்ளையடித்தேன். நீங்கள் போய் வாருங்கள், அவள் இங்கே இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"மச்சான், பொண்டாட்டியக் கூட்டிட்டுத்தான் போறேன். கடத்திட்டுப் போகல."

கிளம்புவதற்கு முதல் நாள் நெஞ்சுவலி என்று படுத்தேன். தங்கை பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு என் வீட்டிலேயே தங்கினாள். டாக்டர் என் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில், பெட்டியில் மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் எடுத்து அவளுடைய பழைய அலமாரியில் அடுக்கினேன். அவள் வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் மறுபடி பெட்டியில் வைத்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை, போகிற வழியில், வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, விட்டு விட்டு இழுக்கிறது என்று பட்டறைக்கு வந்தார்கள். அந்தக் கோளாறை நான் செய்யவில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இரண்டாவது சிலிண்டர் என்று காட்டியது. அதன் காயிலைக் கழற்றி ஐந்தாவதில் மாட்டினேன், ஐந்தாவதன் காயிலை இங்கே மாட்டினேன். கோளாறும் ஐந்துக்குப் போயிற்று. ஆகவே கெட்டது காயில்தான். புதிது போட்டேன்.

"பத்தே நிமிஷமா?" என்றார் மாப்பிள்ளை. "இதுக்கா மச்சான் உங்கள வண்டி டாக்டர்னு சொல்றாங்க? உங்க நெஞ்சப் பாத்த டாக்டரே முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டாரு."

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"எதுக்கும் பிளக்கையும் ஒரு தடவ பாத்துடறேன் மாப்பிள்ளை. தூரமாப் போறீங்க."

அவர்கள் இருவரும் முதலாளியிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனார்கள். நான் ஆறு பிளக்கையும் கழற்றினேன். ஒவ்வொன்றையும் அறுபதிலிருந்து நூற்றுப் பத்துக்கு விரித்தேன். ஒவ்வொன்றையும் தகடு விட்டு அளந்தேன். ஏனோதானோ என்று வேலை செய்ய எனக்கு வராது. பிறகு மாட்டி, இன்ஜினை ஓட விட்டேன். மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் தளும்பாது, அப்படி நின்றது.

பின் சீட்டிலிருந்த மீன் தொட்டியை எடுத்து முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டினேன்.

"அது ஏன்ணா முன்னாடி?"

"கண்ணாடி. பின்னாடி இருந்தா ஆடும். நீ பின்னாடி உக்காந்து தூங்கிட்டுப் போ. பெல்ட்டப் போட்டுக்க."

"என்னைவிட மீன் தொட்டிக்குத்தான் மரியாத."

மாப்பிள்ளையிடம், முதல் நூறு கிலோமீட்டர் முழுதாக மிதிக்க வேண்டாம், பிளக் பழகட்டும் என்றேன்.

"பிளக்குக்கு எங்கண்ணா பழகறது? அது என்ன புதுச் செருப்பா?" என்றாள் தங்கை.

"காயில் புதுசு."

"காயிலுக்கும் அப்படிக் கிடையாதே."

"விடு, உங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் மாப்பிள்ளை. அவர் சொல்பேச்சு கேட்கிறவர். அவரிடம் எனக்கு வேறு எந்தக் குறையும் இல்லை.

நூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில் மலை ஏற்றம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. அந்த வழியில் அவரோடு நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஏற்றத்தில் ஊர்ந்து போகும் லாரிகளை அவர் பொறுக்கமாட்டார். எதிரே வண்டி வருவது தெரிந்தாலும் என் இன்ஜினை நம்பி ஒரே மிதியில் முந்திவிடுவார். அன்றும் மிதித்தார். பாதி முந்தியபோது இன்ஜின் திணறியது. எதிரே வந்தது தண்ணீர் லாரி. காரின் முன் பாதி முழுக்கப் போயிற்று, மாப்பிள்ளையும் போனார். தங்கைக்கு இடுப்பு எலும்பும் இடது காலும்.

நான்கு மாதம் கழித்து அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளையடித்த மாடிக்கு ஏற முடியாது, கீழ் அறையைக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். மருந்து கொடுத்தேன். கைத்தடி பிடித்து நடக்கப் பழக்கினேன். அந்த நாட்களில் ஆறு மணி ஆயிற்றா என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

நொறுங்கிய வண்டி எங்கள் பட்டறைக்குப் பின்னால்தான் கிடந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை. தங்கை எனக்குத் தெரியாமல் முதலாளிக்குப் போன் செய்து பிளக்குகளைக் கேட்டிருக்கிறாள். அவை இன்ஜினுக்குள் ஆழத்தில் இருப்பவை, அடி படவில்லை. முந்தாநாள் மாலை நான் வீட்டுக்குப் போனபோது கதவில் புதுப் பூட்டு மின்னியது. அவளே உள்ளிருந்து திறந்தாள். மேஜையில் ஆறு பிளக்கும் வரிசையாக இருந்தன, பக்கத்தில் ஃபீலர் கேஜ்.

"நூத்திப் பத்து," என்றாள்.

"ஓடி ஓடித் தேஞ்சிருக்கும்மா."

"தேஞ்சா ஒண்ணு அறுபத்தஞ்சு காட்டும், ஒண்ணு எழுபது காட்டும். நீதான் சொல்லிக் குடுத்த. ஆறும் ஒரே அளவாத் தேயாதுண்ணா. கை வச்சாத்தான் ஒரே அளவா இருக்கும்."

நான் ஒரு பிளக்கை எடுத்துத் தகடு விட்டுப் பார்த்தேன். இறுகவில்லை, தளரவில்லை. அவள் அளந்தது சரி. அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சீருடையோடு பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

முந்தாநாள் இரவு உங்களிடம் முதலில் சொன்னது இதுதான்: வண்டி திணறினால் திரும்பி வருவார்கள், பெரிய கோளாறு என்று ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம், அதற்குள் அவள் மனசு மாறலாம். நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். திரும்பி வரத்தான் செய்தாய் என்றால், நூறு கிலோமீட்டர் மிதிக்காதே என்று ஏன் சொன்னாய்? நியாயமான கேள்வி. இரவெல்லாம் யோசித்தேன். பத்தாவது கிலோமீட்டரில் திணறியிருந்தால் இரண்டு பேரும் திரும்பி வந்திருப்பார்கள். எனக்கு ஒருவர்தான் வேண்டியிருந்தது. மீன் தொட்டியும் அதற்குத்தான்.

ஒன்று மட்டும் மிச்சம். நீங்கள் என்னை அழைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்தாள். வலி மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, சமையல் கேஸை எப்படி மூட வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அவள் கோபம் நாலு நாளைக்கு மேல் தாங்காது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? புதுப் பூட்டுக்கு எனக்கு ஒரு சாவி தர மறந்துவிட்டாள், வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் முதல் படியில் கால் வைத்திருப்பேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தியது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.